கறுத்த குட்டிகளின் விலாசங்கள்

நேற்று எங்கள் வீட்டைச் சோதித்துவிட்டு நீங்கள் கிளம்பும்போது உங்கள் சட்டைக் கையில் பூனை முடி ஒட்டியிருந்தது. அதற்கு பிரஷ் போடாதீர்கள். பிரஷ் போட்டால் முடி துணிக்குள் இறங்கிவிடும். கையை லேசாக நனைத்து ஒரே பக்கமாகத் தடவினால் உருண்டு வந்துவிடும். பூனை இல்லாதவர்களுக்கு இது தெரிவதில்லை.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுவது எனக்குப் பழக்கம்தான். எங்கள் பூனை வளர்ப்போர் சங்கத்தின் பதிவேட்டை இருபத்து மூன்று வருஷமாக நான்தான் எழுதுகிறேன். அடித்தல் திருத்தல் இருக்காது. இன்றைக்கு எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண்ணை அடித்தால் எனக்கு அழுகை வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

எங்கள் பூனைகளை நீங்கள் பார்த்தீர்கள். உடம்பு வெண்ணெய் நிறம். முகம், காது, பாதம், வால் மட்டும் கரும்பழுப்பு. பிறக்கும்போது குட்டி மொத்தமும் வெள்ளையாக இருக்கும், போகப்போக முனைகளில் நிறம் ஏறும். முனையோடு நின்றுவிட வேண்டும், அதுதான் அந்த இனத்துக்கு அழகு. சில குட்டிகளுக்கு நிற்பதில்லை. விலாவும் முதுகும் மங்கி, டீக்கறை பட்ட துணி மாதிரி ஆகிவிடும். அப்படிக் கறுத்த குட்டியும் சுத்த இனம்தானா, இல்லை எங்கோ ஒரு தெருப்பூனை நடுவில் புகுந்துவிட்டதா என்பதுதான் எங்கள் சங்கத்தில் வருஷக்கணக்காக நடக்கும் சண்டை. நேற்று இதைச் சொன்னபோது உங்களுடன் வந்த கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிக்கட்டும். எங்களுக்குள் இதனால் இரண்டு குடும்பங்கள் பேச்சையே நிறுத்திவிட்டன. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "கறுப்பா இருந்தா என்ன, அது காக்கா மாதிரியா கத்துது?" என்று கேட்டதற்கு இன்னொருவர் நாற்காலியைத் தூக்கிவிட்டார்.

நான் வேலை பார்த்தது பெயின்ட் கடையில். சுவரிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்துக் கொண்டுவந்தால் போதும், அதே நிறத்தைக் கலந்து தருவேன். காய்ந்த பிறகு பழையது எது, புதியது எது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. அந்தக் கண்ணுக்காகத்தான் நிறம் பார்க்கும் பொறுப்பைச் சங்கம் எனக்குக் கொடுத்தது. கடையின் நிற அட்டையிலிருந்து ஐந்து பட்டைகளை வெட்டி, வெளுப்பிலிருந்து கறுப்பு வரை வரிசையாக ஒரு மர ஸ்கேலில் ஒட்டி வைத்திருக்கிறேன். குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆனதும் உறுப்பினர் வீட்டுக்குப் போவேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து விலாவில் ஸ்கேலை வைப்பேன். மூன்றாம் பட்டை வரைக்கும் சரி. அதைத் தாண்டினால் பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு. கோடு விழுந்த குட்டிக்குச் சான்றிதழ் கிடையாது. அதன் வம்சத்துக்கும் கிடையாது. அதை நானே கூடையில் எடுத்துவந்து, பூனை மட்டும் போதும் இனம் வேண்டாம் என்று இருக்கிற நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு. வளர்த்தவர்களுக்கு விலாசம் சொல்வதில்லை. சொன்னால் போய்ப் போய் நிற்பார்கள் என்று நான்தான் அந்த விதியைக் கொண்டுவந்தேன்.

கோடு அதிகம் விழுந்தது யார் வீட்டில் என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருக்கும் தையற்காரர். பள்ளிக்கூட வாட்ச்மேன். சுவரில் ஈரம் ஊறும் வாடகை வீட்டில் இருக்கும் டைப்பிஸ்ட். என் வீட்டுக் குட்டிகளுக்கு ஒரு கோடு விழுந்ததில்லை. வசதி இல்லாதவர்கள் கதவைத் திறந்து போட்டுவிடுகிறார்கள், தெருப்பூனை வந்துபோகிறது என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் கூட்டத்தில் சொல்லவும் செய்தேன். தையற்காரர் அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு, "வேற பூனை என் வாசலையே மிதிக்கலக்கா" என்று மட்டும் சொன்னார். அவர் வீட்டில் மூன்று ஈற்றில் ஏழு குட்டிகளுக்குக் கோடு போட்டேன்.

அவர் நல்ல மனிதர். ஒவ்வொரு குட்டியைத் தரும்போதும் வெட்டுத்துணியில் ஒரு சின்ன மெத்தை தைத்துக் கூடவே கொடுப்பார். போகிற இடத்தில் பழகிய வாசனை இருக்கட்டும் என்பார். அப்புறம் எங்கே பார்த்தாலும் விசாரிப்பார். "அந்த மூணாவது எப்படி இருக்குக்கா?" என்பார். "டீச்சர் வீட்டுல ராஜாவா இருக்கு, சோபாவை விட்டு இறங்கறதில்லயாம்" என்பேன். நாலாவது பல் டாக்டர் வீட்டில். ஐந்தாவதற்கு மீன் பிடிக்கவில்லை. எந்தக் குட்டிக்கு என்ன சொன்னேன் என்று மறக்காமல் இருக்கப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்துவைப்பேன். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் என்பார்கள். எனக்குக் கணக்குத் தப்பியதே இல்லை.

இனி என் தங்கையைப் பற்றி. என்னைவிட ஒன்பது வயது சின்னவள். கணவர் போன பிறகு என்னோடு வந்து மாடி அறையில் இருந்தாள். கொட்டும் மழையிலும் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிற ரகம். பயம் என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. சின்ன வயதில் இருட்டில் தண்ணீர் குடிக்கப் போக அவளைத்தான் துணைக்கு எழுப்புவேன். ஒன்பது வயது சின்னவளை. அவளும் கண்ணைக் கசக்கிக்கொண்டு முன்னால் நடப்பாள்.

போன வருஷக் கடைசியில் எங்கள் கடுவன் பூனை, வெண்ணெய் என்று கூப்பிடுவோம், அதற்கு விலாவில் கட்டி வந்தது. சங்கத்தில் பாதிப் பூனைகளுக்கு அதுதான் அப்பன் அல்லது தாத்தா. அதன் சுத்தத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. கால்நடை டாக்டர் உள்ளங்கை அகலத்துக்கு முடியைச் சிரைத்துக் கட்டியைக் கீறினார். மற்ற பூனைகள் நக்கிவிடும் என்று தங்கை அதைத் தன் அறையிலேயே வைத்துக்கொண்டாள். குளிர்காலம். திறந்த ஜன்னல். மூன்றாம் வாரம் அந்த இடத்தில் முடி முளைக்க ஆரம்பித்தது. முளைத்த முடி கறுப்பு.

முதலில் மருந்துக் கறை என்று நினைத்தேன். துடைத்துப் பார்த்தேன். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்தது. தினமும் காலையில் மாடிக்குப் போய்ப் பார்ப்பேன். ஸ்கேலை வைத்தேன், ஐந்தாம் பட்டையையும் தாண்டியிருந்தது. வெண்ணெய் என்னைப் பார்த்து வழக்கம்போல வாலைத் தூக்கிக்கொண்டு வரும், நான் பின்னால் நகர்வேன். பத்து வருஷமாக என் மடியில் படுத்த பூனை, அதைத் தொட எனக்குக் கை வரவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார். "குளிர்ல முளைச்ச முடிம்மா, கறுப்பாத்தான் வரும். இந்த வகையோட குணமே அதுதான். சூட்டுல இருந்தா வெளுக்கும், குளிர்ல இருந்தா கறுக்கும். காது, வால் எல்லாம் உடம்பைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி, அதான் அங்க மட்டும் கறுப்பு." குளிரில் கொஞ்சம் மங்கும் என்று எங்களுக்கும் தெரியும். இவ்வளவு என்று தெரியாது. நான் மெதுவாக, "அப்ப குட்டிங்களுக்கும் அப்படித்தானா?" என்று கேட்டேன். "குட்டின்னா கேக்கவே வேணாம். ஈர வீட்டுல வளர்ந்தா முதுகெல்லாம் கறுத்துரும். ரத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

என் வீட்டில் பூனை அறைக்கு கேஸ் ஹீட்டர் வைத்திருக்கிறேன், பார்த்தீர்கள். வருஷம் பூராவும் எரியும். அவற்றுக்குச் சளி பிடிக்கக் கூடாது என்றுதான் வைத்தேன்.

டாக்டர் வீட்டிலிருந்து திரும்பும்போது தங்கைக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நடுரோட்டில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அக்கா, அப்ப தையற்காரர் குட்டிங்க எல்லாம் சுத்தமானதுதானே? பாவம், அந்த மனுஷன் எத்தனை வருஷம் தலையைக் குனிஞ்சிட்டு உக்காந்திருந்தார்!" அதற்கு நான் தலையாட்டினேன் போலிருக்கிறது. அவள் மூச்சு விடாமல் பேசினாள். "ஞாயித்துக்கெழம கூட்டத்துல சொல்லிடலாம். நீ கோடு போட்டதை எல்லாம் திரும்பக் கூப்பிட்டு சான்றிதழ் குடுத்துடலாம். தெரியாம பண்ணினதுதானே, யாரும் உன்னைத் திட்ட மாட்டாங்க. எந்தெந்த வீட்டுல குடுத்தியோ அந்த அட்ரஸ் எல்லாம் எடு, நான் லெட்டர் போடறேன்."

நான் கையை விடுவித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். ஏனென்றால் விலாசங்கள் இல்லை.

முதன்முதலில் கோடு விழுந்தவை வாட்ச்மேன் வீட்டுக் குட்டிகள் இரண்டு, அவற்றுக்கு உண்மையாகவே வீடு பார்த்துக் கொடுத்தேன். அதில் ஒன்றை வாங்கியவர் அதை இனவிருத்தி செய்து, எங்கள் சங்கத்துப் பூனை என்று சொல்லி விற்றுவிட்டார். வெளியூர்ச் சங்கம் ஒன்று எங்களைக் கேலி செய்து கடிதம் எழுதியது. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் நான் சாப்பிடவில்லை. நான்காம் நாள் கோடு விழுந்த மூன்றாவது குட்டி என் கூடையில் இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பிராணியைப் பார்த்து ஒரு பெரிய மனுஷி பயப்படுவாளா என்று கேட்பீர்கள். நான் பயந்தேன்.

துணி ஊறவைக்கும் வாளியில்தான் செய்வேன். வெதுவெதுப்பான தண்ணீர்தான் வைப்பேன். குளிர்ந்த தண்ணீரில் செய்ய எனக்கு மனம் வராது. கை வைத்துச் சூடு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கூடையைத் திறப்பேன். மொத்தம் நாற்பத்தொன்று. பின்பக்கம் பூந்தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன அல்லவா, அவற்றை நகர்த்திவிட்டுத் தோண்டிப் பாருங்கள். தொட்டிகளை உடைத்துவிடாதீர்கள்.

தங்கைக்கு இதெல்லாம் தெரியாது. வாளியைக் கையில் எடுக்கும் நாட்களில் அவளைக் கடைக்கு அனுப்பிவிடுவேன்.

திங்கட்கிழமை விலாசம் கேட்டாள். தேடி எடுக்கிறேன் என்றேன். செவ்வாய்க்கிழமை காலை மறுபடி கேட்டாள். பீரோவில் இருக்கிறது, சாவியைக் காணவில்லை என்றேன். பீரோவில் இருந்தது விலாசம் இல்லை. தையற்காரர் தைத்துக் கொடுத்த ஏழு மெத்தைகள். அவற்றை எறிய எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவு நேர்த்தியான தையல். நீங்கள் நேற்று பார்த்தவை அவைதான். பொம்மைக் கட்டில் மெத்தை மாதிரி இருக்கிறதே என்று கேட்டீர்கள்.

அன்று மதியமே தையற்காரர் வந்துவிட்டார். தங்கை போய்ச் சொல்லியிருக்கிறாள். கழுத்தில் இஞ்ச் டேப்போடு அப்படியே எழுந்து வந்திருந்தார். உட்காரவில்லை. "கோவமெல்லாம் இல்லக்கா. டீச்சர் வீட்டை மட்டும் காட்டுங்க. உள்ள வரமாட்டேன். தூரத்துல நின்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்" என்றார். டீச்சர் வெளியூர் போயிருக்கிறார் என்றேன். நம்பினார். அவர் எப்போதும் நம்புவார். நன்றி சொல்லிவிட்டுப் போனார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் தங்கை என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சந்தேகப் பார்வை இல்லை. பரிதாபம். "ஏன்க்கா இப்படி வேர்க்குது உனக்கு?" என்று தன் முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தாள். "சாவி கிடைக்கலன்னா போகுது விடு. பூட்டு ரிப்பேர்காரர்கிட்ட சொல்லிட்டேன், வியாழக்கிழமை வந்து திறந்து குடுத்துடுவார்."

நீங்கள் என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஹாலில் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். வாட்ச்மேன், டைப்பிஸ்ட், கடைசி வரிசையில் தையற்காரர். ஒவ்வொருவராக எழுந்து, என் குட்டி எங்கே என்று கேட்பார்கள். மரியாதையாகத்தான் கேட்பார்கள், அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதைத்தான் என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. அவர்களைச் சமாளித்துவிடலாம், சொன்னதை நம்புகிறவர்கள். வெண்ணெயைச் சூட்டில் வைத்தால் அடுத்த முடி உதிர்வில் வெளுத்துவிடும். இவள் ஒருத்திதான். இவள் தேடாமல் விடமாட்டாள்.

புதன்கிழமை காலையிலிருந்தே மழை. தங்கைக்குச் சளி பிடித்து ஒரே தும்மல். மாடி குளிர்கிறது என்று தானாகவே பூனை அறைக்கு வந்துவிட்டாள். அங்கேதான் பதிவேடு இருக்கும் மேஜையும் இருக்கிறது. கோடு போட்ட குட்டிகளைத் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தாள், விலாசத்துக்கு இடம் விட்டு. மதியம் சூப் கொடுத்தேன். சளி மாத்திரை போட்டுக்கொண்டு பெஞ்சில் படுத்தாள். போர்த்திவிட்டேன்.

ஹீட்டரின் புகைக்குழாய் வீட்டின் பின்சுவர் வழியாக வெளியே வருகிறது. அதன் வாயில் நீங்கள் எடுத்த பழைய ஸ்வெட்டர் என்னுடையதுதான். மழைக்காற்று அந்தக் குழாய் வழியாக உள்ளே வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். குளிர்காற்று பட்டால் பூனைகளின் முடி கறுக்கும், டாக்டரே சொன்னாரே. அதற்காகத்தான் அடைத்தேன். கதவை வெளியிலிருந்து தாழ் போட்டேனா என்று கேட்டீர்கள். போட்டேன். போடாவிட்டால் பூனைகள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். அது இந்த வீட்டின் வழக்கம்.

அவள் எழுந்திருக்க மாட்டாள் என்று நினைத்தேன். எழுந்தாள். நான் அடுப்படியில் சூப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். கதவை மெதுவாகத் தட்டினாள். "அக்கா, தலை ரொம்ப வலிக்குது. கொஞ்சம் கதவைத் தொறயேன்." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டினாள், இந்த முறை கதவின் கீழ்ப்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. "அக்கா, நீ இருக்கியா?" என்றாள். என் வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. பயந்தால் அவளைத்தான் கூப்பிடுவேன், எனக்கு வேறு யாரும் கிடையாது. குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. அந்தப் பாத்திரத்தை ரொம்ப நேரம் கழுவினேன்.

நான் கொடுமைக்காரி இல்லை. அவளை எனக்குப் பிடிக்கும். பூனைகளின் நிறத்துக்காகச் செய்த ஒரு காரியம் இப்படி ஆகிவிட்டது, அவ்வளவுதான். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. நேற்று படியிறங்கும்போது கேட்டீர்கள், நான் பதில் சொல்லவில்லை. அந்த அறையில் ஒரு மனுஷி செத்துப்போகிற அளவுக்கு நச்சுக்காற்று நிறைந்திருக்கிறது, பதினொரு பூனைகளில் ஒன்றுக்குக்கூட ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று. அவையெல்லாம் அங்கே இல்லை. காலையிலேயே ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் மாடியில் அவளுடைய அறையில் விட்டுவிட்டேன். பூனைகள் எங்கே என்று அவளும் கேட்டாள். உன் தும்மலைக் கேட்டு மிரளுகின்றன என்றேன், சிரித்தாள். மாடியில் ஜன்னல் திறந்தே கிடந்தது. சாரல் கட்டில் வரைக்கும் அடித்தது. விளக்கு வைக்கும் நேரம் வரை அவை அங்கேதான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டு இருந்தன. அவ்வளவு குளிரில் முடி கறுத்துவிடுமே என்ற நினைப்பு எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை.